நான்கு நோட்டுகளும் ஒரு பழைய லேப்டாப்பும்: 25,000 ரூபாய்க்குள் நடந்த ஒரு தேர்வு

## பின்னணி

இதில் வருபவர் என் மனைவியின் பெரியம்மா. எனக்கு அத்தை முறை. அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராக இருந்து 2022-ல் ஓய்வு பெற்றவர். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர். முப்பது வருஷத்துக்கும் மேலாக அவர் அடித்ததெல்லாம் வேறு யாரோ எழுதிக் கொடுத்த கடிதங்களும் உத்தரவுகளும்தான். ஓய்வுக்குப் பிறகு தனக்கென்று ஒரு வேலையை எடுத்து வைத்திருந்தார்.

அவருடைய அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். நடவு நட்ட பெண்களிடமும் இழவு வீடுகளில் ஒப்பாரி வைத்தவர்களிடமும் கேட்டுக் கேட்டு எழுதிய பாட்டுகள் நான்கு நோட்டுகளில் இருந்தன. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி எல்லாம் வரிசையில்லாமல் கலந்து கிடந்தன. மை வெளுத்துவிட்டது. சில பக்கங்களின் ஓரம் தொட்டாலே உதிர்கிறது. அவை முழுக்க உதிர்ந்துபோகும் முன், எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோட் எழுத்தில் அடித்து வைத்துவிட வேண்டும் என்பது அத்தையின் ஆசை. புரியாத சொல் வந்தால் இணையத்தில் தேட வேண்டும். மற்றபடி செய்தித்தாள், மின்கட்டணம், பட்டா நகல், அவ்வளவுதான்.

"மாப்பிள்ளை, எனக்குப் படம் பாக்க வேண்டாம், கேம் வேண்டாம். அடிக்கணும், தேடணும். இருபத்தஞ்சுக்கு மேல போகாம ஒண்ணு பாத்துச் சொல்லுங்க" என்று போனில் சொன்னார். அந்த 25,000 ரூபாய் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த பணம்.

சென்னையில் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிக்கும் வேலை எனக்கு. இப்படிக் கேட்பவர்களுக்கு வழக்கமாக ஒரு மாடல் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். இந்த முறை அது போதவில்லை. அதனால் நடந்ததைத் தேதிவாரியாகக் குறித்து வைத்தேன். அதே தொகையில், அதே தேவைக்கு வாங்க நினைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

## முதலில் முயன்றவை

லேப்டாப் என்ற பேச்சு வருவதற்கு முன்பே அத்தை போனில் முயன்று பார்த்திருக்கிறார். பாட்டை வாய்விட்டுச் சொன்னால் போன் தானே எழுதிக்கொள்ளும் என்று பேரன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். செய்தி வாசிப்பது போன்ற தமிழுக்கு அது நன்றாகவே வேலை செய்தது. பாட்டில் வரும் வட்டாரச் சொற்களை மட்டும் போன் தனக்குத் தெரிந்த வேறு சொல்லாக மாற்றிவிட்டது. பாட்டைச் சேகரிக்கும் வேலையில் இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. அப்பா கேட்டு எழுதியது ஒன்று, பதிவாவது இன்னொன்று. நான்கு பாட்டோடு நிறுத்திவிட்டார்.

வீட்டில் மகளுக்கு 2013-ல் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த விலையில்லா லேப்டாப் ஒன்று இருந்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் முதல் கணினி இதுதான். பரணில் துணி சுற்றி வைத்திருப்பார்கள். இதில் 2 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்), பழைய ஹார்டு டிஸ்க், உடைந்த கீல், கீபோர்டில் ஐந்தாறு சாவிகள் வேலை செய்யவில்லை. ராம், வேகமான சேமிப்பிடமான எஸ்எஸ்டி, கீபோர்டு மூன்றும் மாற்றினால் 3,000 ரூபாய்க்குள் உயிர் வந்துவிடும் என்று கணக்குப் போட்டோம். ஆனாலும் மங்கிப்போன அந்தத் திரை அப்படியேதான் இருக்கும். அதை விட்டுவிட்டோம்.

## பிப்ரவரி 2024: புதிதாக வந்த மெஷின்

நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் பெங்களூரில் இருக்கும் அவர் மகன் இணையத்தில் ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டார். அம்மாவின் பணம் செலவாகாமல் இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். விலை 19,990 ரூபாய். 15.6 அங்குலத் திரை, இன்டெல் செலரான் என்4020 ப்ராசசர், 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு. புத்தம்புதியது, ஒரு வருட வாரண்டி. வெளியிலிருந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் நாளே போன் வந்தது. தமிழ் அடிப்பதற்கான என்எச்எம் ரைட்டரை நிறுவ விடவில்லை. காரணம், அந்த லேப்டாப் விண்டோஸ் 11-ன் 'எஸ் மோட்' என்ற நிலையில் வந்திருந்தது. அந்த நிலையில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருப்பவற்றை மட்டுமே நிறுவ முடியும். அதிலிருந்து வெளியே வரக் கட்டணம் இல்லை; ஒருமுறை வந்தால் திரும்பப் போக முடியாது. மகன் போனிலேயே வழி சொல்லி மாற்றிக் கொடுத்தார். அப்புறம் இரண்டு மாதம் ஒரு புகாரும் இல்லை. நல்லபடியாகப் போகிறது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

மே மாதம் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது எத்தனை பாட்டு முடிந்தது என்று கேட்டேன். பதினொன்று என்றார். ஹையர் முடித்த கைக்கு அது ஒரு வாரத்து வேலைகூட இல்லை. "பிள்ளை ஆசையா வாங்கிக் குடுத்தது, எப்படிக் குறை சொல்ல?" என்றார்.

## ஒரு பிற்பகல் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தது

அன்று மாலை வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இந்த ஆய்வில் உபயோகமானதெல்லாம் அந்த மூன்று மணி நேரத்தில் தெரிந்ததுதான்.

முதலாவது, எழுத்து தாமதமாக வந்தது. பிரவுசரில் அகராதிப் பக்கம், செய்திப் பக்கம், மின்னஞ்சல் என்று நான்கு டேப் திறந்திருந்தன. பக்கத்தில் எழுதும் மென்பொருள். விண்டோஸ் தன் தேவைக்கே ராமில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தது. மிச்சம் போதாமல், இருப்பதைச் சேமிப்பிடத்துக்கு மாற்றுவதும் மீண்டும் எடுப்பதுமாக மெஷின் திணறியது. அந்தச் சேமிப்பிடமும் எஸ்எஸ்டி அல்ல. போர்டிலேயே ஒட்டியிருக்கும் இஎம்எம்சி என்ற மெதுவான வகை. அத்தை ஒரு வரியை அடித்து முடித்த பிறகுதான் எழுத்துகள் மொத்தமாக வந்து விழுந்தன. இரண்டு விரலால் தேடி அடிப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. தாளத்தோடு அடிக்கும் தட்டச்சருக்குக் கை நின்றுவிடுகிறது. விழுந்ததா இல்லையா என்று பார்க்க ஒவ்வொரு வரியிலும் நிறுத்தினார்.

இரண்டாவது, புள்ளி. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளியைத்தான் சொல்கிறேன். அந்தத் திரையின் நுணுக்கம் (ரெசல்யூஷன்) 1366-க்கு 768. பதினைந்தரை அங்குலத்தில் அதைப் பரப்பினால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 திரைப்புள்ளிகள்தான் வரும். ஆங்கில எழுத்துக்கு அது ஒப்பேறிவிடும். தமிழில் ண-வுக்கும் ன-வுக்கும் சுழி எண்ண வேண்டும். ர-வையும் துணைக்காலையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மெய்க்குப் புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுத்தின் அளவு 11-ல் இருக்கும்போது இவை எல்லாமே மங்கலாக ஒன்றுபோலத் தெரிந்தன. அத்தை அளவை 18 ஆக்கி வைத்திருந்தார். அதனால் பன்னிரண்டு வரிப் பாட்டில் ஏழு வரிதான் ஒரு நேரத்தில் தெரிந்தது. மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தார். திரையைச் சற்றுச் சாய்த்தாலும் நிறம் வெளுத்தது. மேலே எரிந்த டியூப்லைட் வேறு அதில் பளபளத்தது.

மூன்றாவது, கீபோர்டு. நடுவில் அழுத்தினால் பலகையே உள்ளே அமுங்கியது. அவர் பழகியது தமிழ் டைப்ரைட்டர் விசைமுறை. அதில் ஷிஃப்ட் அடிக்கடி வரும். கொம்பை முதலில் அடித்து, எழுத்தை அப்புறம் அடிக்க வேண்டும். யூனிகோட் உள்ளே சேமிப்பது எழுத்து முதலில், கொம்பு பின்னால். இடையில் என்எச்எம் ரைட்டர் அந்த வரிசையை மாற்றிப் போடுகிறது. மெஷின் திணறும்போது இந்த மாற்றமும் தடுமாறி, கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாகச் சிதறியது. தமிழ்99 என்ற விசைமுறைக்கு மாறச் சொல்லலாமா என்று யோசித்தேன். புதிதாகக் கற்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். 1999-ல் சென்னை தமிழிணையம் மாநாட்டுக்குப் பின் அரசு ஏற்ற முறை, படிக்கவும் எளிது. ஆனால் முப்பது வருஷம் விரலில் ஊறியதை 62 வயதில் மாற்றச் சொல்வது நியாயமில்லை. மெஷின் கைக்கு ஏற்ப இருக்கட்டும், கை மெஷினுக்கு ஏற்ப மாற வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

சேமிப்பிடத்தில் 5 ஜிபி மட்டும் மிச்சமிருந்தது. விண்டோஸ் புதுப்பிப்பு இடமில்லாமல் இரண்டு முறை தோற்றிருந்தது. ராமையும் சேமிப்பையும் கூட்ட வழி உண்டா என்று பார்த்தேன். இரண்டும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. செய்வதற்கு ஒன்றுமில்லை.

## என்ன வேண்டும் என்று தீர்மானித்தது

கடைகளில் ப்ராசசரில் ஆரம்பித்துப் பட்டியல் போடுவார்கள். நாங்கள் அந்தப் பிற்பகலில் பார்த்ததை வைத்துப் போட்டோம். முதலில் கண்: 14 அங்குலத்தில் 1920-க்கு 1080 நுணுக்கம், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் வெளுக்காத ஐபிஎஸ் திரை, பளபளப்பு இல்லாத மேற்பரப்பு. இந்த அளவில் அங்குலத்துக்கு 157 திரைப்புள்ளிகள் வரும். மெய்ப்புள்ளி தெளிவாகத் தெரியும். அடுத்து கை: அமுங்காத பலகை, ஆழமாக இறங்கும் சாவிகள். அப்புறம் 8 ஜிபி ராம், அதுவும் பின்னால் கூட்ட முடிகிற வகையில். 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். எடை, கேமரா, கிராபிக்ஸ் எதுவும் கணக்கில் இல்லை. மெஷின் மேஜையை விட்டு நகரப் போவதில்லை.

இவை எல்லாம் சேர்ந்த புதிய லேப்டாப் 25,000 ரூபாய்க்கு எங்கள் கண்ணில் படவில்லை. அந்த விலையில் கிடைத்த புதியவற்றில் திரையும் கீபோர்டும்தான் முதலில் குறைந்தன. எனவே நிறுவனங்கள் மூன்று நான்கு வருடம் பயன்படுத்திவிட்டுக் கழித்த லேப்டாப்புகளின் பக்கம் திரும்பினோம். இவை முதலில் விற்றபோது லட்சத்தை ஒட்டிய விலையில் இருந்தவை. நாள் முழுக்க அடிப்பவர்களுக்காகச் செய்யப்பட்டவை. ராமும் டிஸ்க்கும் திருகைக் கழற்றி மாற்றக்கூடியவை.

இங்கே ஓர் எல்லை அவசியம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிகிறது என்பது அப்போதே தெரிந்த செய்தி. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஆதரிப்பது, ஓரிரு விதிவிலக்கு தவிர, இன்டெல் ப்ராசசர்களில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஆகவே எட்டாம் தலைமுறைக்குக் கீழே எதையும் பார்ப்பதில்லை என்று எழுதி வைத்தோம். 2017-ல் லேப்டாப்புகளுக்கு வந்த எட்டாம் தலைமுறை ஐ5-ல் நான்கு கோர்கள், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் நான்கு பகுதிகள். 2019-ல் வந்த செலரான் என்4020-ல் இரண்டுதான். புதியது என்ற சொல்லுக்கு இங்கே பெரிய பொருள் இல்லை.

விண்டோஸுக்குப் பதில் கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக்கையும் பார்த்தோம். இணையத்துக்கும் எழுதவும் நல்ல மெஷின், புதுப்பிப்பும் பல வருடம் வருகிறது. ஆனால் அத்தையிடம் 2008 வாக்கில் மதிய இடைவேளையில், யூனிகோட் அல்லாத வானவில் எழுத்துருவில் அடித்து வைத்த நாற்பது பக்கம் பென்டிரைவில் இருந்தது. அதைத் திறக்கப் பழைய எழுத்துருவை நிறுவ வேண்டும், யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஊரில் இணையமும் நிலையாக இருப்பதில்லை. டேப்லெட்டையும் கீபோர்டையும் சேர்த்து வாங்குவது பற்றிப் பேச்சு வந்து, திரை சிறியது என்று உடனே போய்விட்டது.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸைப் பற்றி நான் நீண்ட நேரம் யோசித்தேன். அதில் தமிழ் டைப்ரைட்டர் விசைமுறை இருக்கிறது, எழுதுவதற்கான இலவச மென்பொருள் லிபரே ஆபீஸ் கூடவே வருகிறது, பழைய மெஷினிலும் இலகுவாக ஓடும். நான் அருகில் இருந்திருந்தால் அதைத்தான் போட்டிருப்பேன். ஏதாவது நின்றுபோனால் அத்தை கேட்கக்கூடிய ஆள் ஊரில் இருக்கும் ஜெராக்ஸ் கடைப் பையன்தான். அவனுக்குத் தெரிந்தது விண்டோஸ். அந்த ஒரே காரணத்துக்காக விண்டோஸ்.

## ஜூன் 2024: ரிச்சி தெருவில் ஒரு பகல்

மகள் வீட்டுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் வந்த அத்தையை, சென்னை அண்ணா சாலையை ஒட்டிய, கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு அழைத்துப் போனேன். வெயிலில் அவரை அலைய வைக்கிறோமே என்று வீட்டில் மற்றவர்களுக்குக் கோபம். நான் மட்டும் போய் வாங்கி வந்திருந்தால் மறுபடியும் பிப்ரவரியில் நடந்ததே நடந்திருக்கும்.

அத்தை தன் அப்பாவின் முதல் நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். என் பென்டிரைவில் என்எச்எம் ரைட்டரும், ஒரு பக்கத் தமிழ் உரையும் இருந்தன. ஒவ்வொரு மெஷினிலும் அதே பதினான்கு வரி நடவுப் பாட்டை அடிப்பது, நான் பிழைகளை எண்ணுவது என்று வைத்துக்கொண்டோம். இதற்குச் சம்மதிக்காத கடை ஒன்றிலிருந்து வெளியே வந்துவிட்டோம். அடுத்த கடைக்காரர் நாற்காலியும் தண்ணீரும் கொடுத்தார்.

முதலில் காட்டியது லெனோவா திங்க்பேட் எக்ஸ்270, 14,500 ரூபாய். கீபோர்டு அத்தைக்குப் பிடித்தது. திரை பன்னிரண்டரை அங்குலம். முகத்தை முன்னால் நீட்டிப் படித்தார். ஒன்பது பிழை. அதில் விண்டோஸ் 11 ஓடிக்கொண்டிருந்தது. ப்ராசசரைப் பார்த்தால் ஏழாம் தலைமுறை. மைக்ரோசாஃப்டின் சோதனையைத் தாண்டிப் போட்டிருக்கிறார்கள். விண்டோஸ் 11 ஓடுகிறது என்பதே தகுதிச் சான்று ஆகாது. ப்ராசசர் எண்ணை நாமே பார்க்க வேண்டும்.

அடுத்தது எச்பி எலைட்புக் 840 ஜி5. எட்டாம் தலைமுறை, நல்ல திரை, உறுதியான உடல். ஆறு பிழை. அம்புக்குறிச் சாவிகளில் மேல், கீழ் இரண்டும் பாதி உயரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. வரிக்கு வரி ஏறி இறங்கித் திருத்துபவருக்கு அது இடைஞ்சலாக இருந்தது.

மூன்றாவது திங்க்பேட் டி480. ஐ5-8350யு, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. இந்த மாடல் 1366-க்கு 768 திரையுடனும் வந்திருக்கிறது. ஆகவே டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1920-க்கு 1080 என்று கண்ணால் பார்த்த பிறகே அடிக்கச் சொன்னேன். மூன்று பிழை. பதினான்கு வரி முடிந்தும் அத்தை நிறுத்தவில்லை. அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். "இதுல கை தானா உக்காருது, மாப்பிள்ளை" என்றார். இடது மூலையில் கன்ட்ரோல் சாவி இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என் சாவி இருந்ததால், சேமிக்கப் போகும்போதெல்லாம் தவறாக விழுந்தது. விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் பயாஸ் அமைப்பில் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். அங்கேயே மாற்றிக் காட்டினேன். அதே சமயத்தில் பயாஸுக்குப் பழைய நிறுவனத்தின் பாஸ்வேர்டு எதுவும் இல்லை என்பதும் உறுதியானது. அப்படி ஒன்று இருந்தால் அந்த மெஷினைத் தொடவே கூடாது.

எஸ்எஸ்டியின் ஆரோக்கியம், விண்டோஸின் உரிமம், திரையில் செத்த புள்ளி, ஒவ்வொரு யூஎஸ்பி துளை, இரண்டு டைப்-சி துளையிலும் சார்ஜ் ஏறுகிறதா, எல்லாம் பார்த்தேன். பேட்டரிக்கு மூலையில் 96 சதவீதம் காட்டியது. சரி என்று விட்டுவிட்டேன். அது என் தவறு.

23,500 சொல்லி 22,000-க்கு முடிந்தது. ஜிஎஸ்டி ரசீது, ஆறு மாத உத்தரவாதம். காலியாக இருந்த இரண்டாவது ராம் துளைக்கு இன்னொரு 8 ஜிபி, 1,700 ரூபாய். மொத்தம் 23,700.

## அமைத்துக் கொடுத்தது

விண்டோஸைச் சுத்தமாக மறுபடி நிறுவினேன். இந்த வரிசை திங்க்பேடுகளுக்கு டைப்-சி துளை சம்பந்தமாக லெனோவா ஒரு முக்கியமான ஃபர்ம்வேர் (வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பிப்பு வெளியிட்டிருக்கிறது. போடாமல் விட்டால் நாளடைவில் அந்தத் துளை வேலை செய்யாமல் போகலாம். முதல் நாளே போட்டேன். திரையின் அளவு 125 சதவீதம், லிபரே ஆபீஸில் எழுத்தளவு 14. பன்னிரண்டு வரியும் உருட்டாமல் தெரிந்தன. எழுத்துப்பிழைச் சோதனையை முழுக்க அணைத்தேன். வட்டாரச் சொல் ஒவ்வொன்றுக்கும் அடியில் சிவப்புக்கோடு வந்துகொண்டே இருந்தால் அடிப்பவருக்கே சந்தேகம் வந்துவிடும். பிரவுசரில் விளம்பரத் தடுப்பான் போட்டேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பக்கத்தையும் தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் பக்கத்தையும் முகப்பிலேயே வைத்தேன்.

வானவில் எழுத்துருவில் இருந்த நாற்பது பக்கத்தை எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கினோம். சில எழுத்துகள் மாறி வந்தன. அவற்றைச் சரிபார்க்க அத்தைக்கு ஒரு வாரம் ஆனது.

பிப்ரவரியில் மகன் அனுப்பிய லேப்டாப்பை அவர் சொல்லியே பேத்திக்குக் கொடுத்துவிட்டோம். ஒரு நேரத்தில் ஒரு வேலை என்றால் அது சமாளிக்கிறது.

## பின்னர் நடந்தது

ஜூலை முதல் தினமும் காலையில் இரண்டு மணி நேரம். செப்டம்பர் முடிவில் முதல் நோட்டு முடிந்தது. எழுத்து தாமதமாகிறது என்ற பேச்சே இல்லை.

அக்டோபரில் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்றை அத்தையே கண்டுபிடித்தார். நோட்டை இடது பக்கம் படுக்க வைத்து, குனிந்து நிமிர்ந்து அடித்ததில் கழுத்து வலி வந்திருந்தது. பக்கங்களைப் போனில் படமெடுத்து, திரையின் இடது பாதியில் படம், வலது பாதியில் எழுத்து என்று வைத்துக்கொண்டார். வெளுத்த மையைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். உதிரும் தாளை ஒவ்வொரு முறையும் தொட வேண்டாம். பழைய திரையில் இப்படி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்திருக்கவே முடியாது. நான் ஏதோ புள்ளி தெரியட்டும் என்று கேட்ட நுணுக்கம் கழுத்தையும் நோட்டையும் காப்பாற்றியது.

நவம்பரில் அடைமழை. மின்சாரம் போனது. பேட்டரி 34 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தபோதே மெஷின் சட்டென்று அணைந்துவிட்டது. ஓர் ஒப்பாரியின் பாதியும், அதைப் பற்றி அத்தை தன் நினைவிலிருந்து எழுதிய குறிப்பும் போய்விட்டன. பாட்டை மறுபடி அடித்துவிடலாம். குறிப்பு முன்பு வந்த மாதிரி வரவில்லை என்று அவர் சொன்னது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

போனில் வழிசொல்லி விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை எடுக்க வைத்தேன். டி480-ல் இரண்டு பேட்டரிகள்: உள்ளே ஒன்று, வெளியே கழற்றும்படி ஒன்று. முதலில் வெளிப்புறத்தது தீரும், பிறகு உட்புறத்துக்குப் போகும். வெளிப்புறத்தது 24 வாட்-மணியில் 20 பிடித்தது. உட்புறத்தது 24-ல் 9 மட்டும், அதுவும் நிலையில்லாமல். மூலையில் தெரிந்த சதவீதம் இரண்டையும் சேர்த்துக் காட்டியதால் உண்மை தெரியவில்லை. ரசீதில் பேட்டரிக்கு உத்தரவாதம் இல்லை என்று அச்சிட்டிருந்ததால் கடையில் கேட்கவும் வழியில்லை.

லிபரே ஆபீஸில் தானியங்கிச் சேமிப்பு 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று இருந்ததை 2 நிமிடமாக அன்றே மாற்றினோம். 2025 பொங்கலுக்குப் போனபோது பின்மூடியைக் கழற்றி உட்புற பேட்டரியை மாற்றினேன், 2,800 ரூபாய். ஆக மொத்தச் செலவு 26,500. வைத்த எல்லையை 1,500 தாண்டிவிட்டது. அந்த 1,500-ஐ நான்தான் கொடுத்தேன். அத்தை வாங்க மறுத்து, கடைசியில் வாங்கிக்கொண்டார்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. இந்த மெஷினுக்கு அது எந்த வேலையும் வைக்கவில்லை.

## இன்று செய்தால் எதை மாற்றுவேன்

பேட்டரி ரிப்போர்ட்டைக் கடையிலேயே எடுப்பேன். ஒரு வரிக் கட்டளை, அரை நிமிட வேலை. வடிவமைத்த கொள்ளளவு, இப்போது பிடிக்கும் கொள்ளளவு என்று இரண்டு எண்கள் வரும். மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இருந்தால் மாற்றித் தரச் சொல்வேன், அல்லது விலையில் கழிப்பேன். பழைய லேப்டாப்புக்கு ஒதுக்கும் பணத்தில் 3,000 ரூபாயை முதலிலேயே பேட்டரிக்கென்று ஒதுக்கி வைப்பேன். 25,000 இருந்தால் 22,000-க்குத்தான் தேடுவேன்.

சேமிப்பு நேரத்தையும் பிரதியெடுப்பையும் முதல் நாளே செய்திருக்க வேண்டும். அமைத்துக் கொடுத்த அன்று எழுத்துரு, விளம்பரத் தடுப்பான் எல்லாம் பார்த்தவன் இதை விட்டுவிட்டேன். இப்போது இரண்டு பென்டிரைவ், கூகுள் டிரைவில் ஒரு பிரதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தையே செய்கிறார்.

இன்னொன்று, பிப்ரவரியிலேயே நான் ஊருக்குப் போயிருக்க வேண்டும். அல்லது வீடியோ காலிலாவது அவர் அடிப்பதைப் பத்து நிமிடம் பார்த்திருக்க வேண்டும். புகார் வரவில்லை என்பதை எல்லாம் நன்றாக இருப்பதாக எடுத்துக்கொண்டேன். பிள்ளை வாங்கிக் கொடுத்ததைப் பற்றி எந்தத் தாயும் முதலில் குறை சொல்ல மாட்டார். மூன்று மாதம் அதில் போய்விட்டது; அந்த மூன்று மாதத்தில் இரண்டாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு மூலை உதிர்ந்து, அதோடு இரண்டு வரி போய்விட்டது.

## இப்போது

மூன்று நோட்டுகள் முடிந்து 241 பாட்டுகள் கோப்பில் இருக்கின்றன. கீபோர்டில் நான்கைந்து சாவிகளின் எழுத்து தேய்ந்துவிட்டது. அத்தை சாவியைப் பார்த்து அடிப்பதில்லை என்பதால் மாற்ற வேண்டாம் என்கிறார். உதிர்ந்த மூலையில் இருந்த அந்த இரண்டு வரி தெரிந்த ஒரு பாட்டி கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அடுத்த மாதம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போகப் போகிறார். நான்காவது நோட்டில் இன்னும் 38 பக்கங்கள் இருக்கின்றன.